"ரூம் போயிடுச்சு": வாடகை வீட்டுப் பாகுபாட்டைக் கண்டுபிடிக்கக் கற்றுக்கொள்வது எப்படி?

மேலப்பாளையத்து ரஃபீக்கும் சாத்தூர் செந்திலும் (இரண்டு பெயரையும் மாற்றியிருக்கிறேன்) சிவில் சர்வீஸ் தேர்வுக்குப் படிக்க ஒரே ரயிலில் தில்லி வந்தவர்கள். ஓல்ட் ராஜிந்தர் நகரில் கோச்சிங் சேர்ந்துவிட்டு, பக்கத்திலேயே ஆளுக்கொரு ரூம் தேடினார்கள். மூன்றாவது மாடி, தெருப்பக்கம் ஜன்னல், வாடகை 14,000 என்று ஒரு விளம்பரம். காலையில் ரஃபீக் ஃபோன் செய்தான். ப்ராபர்ட்டி டீலர் நன்றாகத்தான் பேசினார். எந்த ஊர், எந்த கோச்சிங், தனியாகத்தானா என்று விசாரித்தார். கடைசியாகப் பெயரைக் கேட்டார். கேட்டதும், "அடடா, அந்த ரூம் நேத்தே போயிடுச்சே. வேற வந்தா சொல்றேன்" என்று வைத்துவிட்டார். மத்தியானம் செந்தில் அதே நம்பருக்குப் பேசினான். "காலியாத்தான் இருக்கு, சாயங்காலம் வந்து பாருங்க" என்றார் அதே டீலர்.

அன்றைக்கு ராத்திரி இரண்டு பேரும் எங்கள் வீட்டில்தான் சாப்பிட்டார்கள். சாதத்தைப் பிசைந்தபடியே ரஃபீக் சொன்னான்: "செந்தில் ஃபோன் பண்ணலைன்னா, ரூம் நிஜமாவே போயிடுச்சுன்னுதான்க்கா நான் நினைச்சிருப்பேன்."

இந்தக் கட்டுரையில் நான் விளக்க நினைப்பது முழுக்க அந்த ஒரு வாக்கியத்துக்குள் இருக்கிறது. வீடு கொடுக்க மறுப்பவர் இந்தக் காலத்தில் முகத்துக்கு நேராகக் காரணம் சொல்வது குறைவு. "போயிடுச்சு", "சொந்தக்காரங்க வர்றாங்க", "ஓனர் இப்ப விடலைன்னுட்டார்" என்று தன்மையாகத்தான் பதில் வரும். கேட்டவருக்கு அது பொய்யா மெய்யா என்று தெரிய வழியே இல்லை. அவர் அனுபவம் பாதிதான்; மீதிப் பாதி இன்னொருவரிடம் இருக்கிறது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் நடந்தது தெரியும். அப்படிப் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதை ஒழுங்கான முறையாக மாற்றி, அதற்கென்றே ஆட்களைப் பயிற்றுவிக்கும் வேலை உலகத்தில் நடக்கிறது. அந்தப் பயிற்சியில் என்ன சொல்லிக்கொடுக்கிறார்கள், அது நமக்கு ஏன் வேண்டும் என்று பார்க்கலாம்.

முதலில் இது எங்கிருந்து வந்தது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவில் மார்ட்டின் லூதர் கிங் 1968 ஏப்ரல் 4 அன்று கொல்லப்பட்டார். ஒரே வாரத்தில், ஏப்ரல் 11 அன்று, வீடு விற்பதிலும் வாடகைக்கு விடுவதிலும் இனம், நிறம், மதம், பூர்வீக நாடு பார்த்து ஒதுக்குவதைத் தடை செய்யும் ஃபேர் ஹவுசிங் சட்டம் கையெழுத்தானது. பாலினம் பிறகு சேர்ந்தது. 1988-இல் உடல் ஊனமும், குழந்தைகளோடு வரும் குடும்பம் என்பதும் சேர்ந்தன. சட்டம் வந்ததும் "உங்களுக்கு இல்லை" என்று வெளிப்படையாகச் சொல்வது குறைந்தது. அந்த இடத்தில் "காலி இல்லை" வந்து உட்கார்ந்தது. பொய்யை உடைக்க ஆள் அனுப்பிப் பார்ப்பது ஒன்றுதான் வழி என்று அங்குள்ள சிவில் உரிமைக்காரர்கள் கண்டுகொண்டார்கள்.

அதன் பெயர்தான் இணைச் சோதனை. வருமானம், வேலை, வயது, குடும்ப அளவு, கேட்கும் வீடு எல்லாவற்றிலும் ஒத்துப்போகிற இரண்டு பேரை எடுத்துக்கொள்வார்கள். ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் வித்தியாசம் இருக்கும். ஒருவர் கறுப்பினத்தவர், மற்றவர் வெள்ளையர் என்று வைத்துக்கொள்ளுங்கள். இருவரும் சற்று இடைவெளி விட்டு ஒரே இடத்தில் வீடு கேட்பார்கள். இருவருக்கும் என்ன சொல்லப்பட்டது, என்ன காட்டப்பட்டது என்று ஒப்பிடுவார்கள்.

"வீடே வேண்டாதவர் வீடு கேட்டுப் போனால் அவருக்கு என்ன நஷ்டம், அவர் எப்படி வழக்குப் போடலாம்?" என்று ஒரு கேள்வி வரும். வந்தது. வர்ஜீனியா மாநிலத்தில் ரிச்மண்ட் நகரத்துப் பக்கம் அடுக்ககங்கள் வைத்திருந்த ஹேவன்ஸ் ரியல்டி என்ற நிறுவனத்துக்கு எதிரான வழக்கு அது. கறுப்பினச் சோதனையாளரிடம் வீடு இல்லை என்றும், வெள்ளையரிடம் இருக்கிறது என்றும் சொன்னார்கள் என்பது புகார். 1982-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொன்னது எனக்கு மிகவும் பிடித்த ஒரு விளக்கம்: வீடு காலியாக இருக்கிறதா இல்லையா என்ற உண்மையான தகவலைப் பெறும் உரிமையை அந்தச் சட்டம் எல்லோருக்கும் கொடுக்கிறது, இனம் பார்த்து ஒருவரிடம் பொய் சொன்னால் அந்தப் பொய்யே அவருக்கு நேர்ந்த பாதிப்பு. அவர் குடியேற நினைத்தாரா என்பது முக்கியமில்லை. இந்தத் தீர்ப்புக்குப் பிறகு சோதனையாளர்கள் சட்டப்படி உறுதியாக நிற்க முடிந்தது.

அந்த நாட்டு வீட்டுவசதித் துறை, புகார்களை விசாரிக்கும் மாநில, நகர அதிகாரிகளுக்காக 2004-இல் நேஷனல் ஃபேர் ஹவுசிங் ட்ரெய்னிங் அகாடமி என்ற பயிற்சி அமைப்பையே தொடங்கியது. நாடு முழுக்க இணைச் சோதனைகளையும் சில வருடங்களுக்கு ஒருமுறை செய்து பார்த்திருக்கிறது. 2012-இல் நடந்த சோதனை 28 பெருநகரப் பகுதிகளில், 8,000-க்கும் மேற்பட்ட இணைகளைக் கொண்டது. கதவை முகத்தில் அறைவது குறைந்திருக்கிறது, ஆனால் சிறுபான்மையினருக்குக் குறைவான வீடுகளே சொல்லப்படுகின்றன, குறைவாகவே காட்டப்படுகின்றன என்பது அதில் தெரிந்தது. ஒருவருக்கு ஐந்து வீடு சொல்லி, இன்னொருவருக்கு நான்கு சொன்னால், அந்த நான்கு கிடைத்தவர் டீலருக்கு நன்றி சொல்லிவிட்டுத்தானே வருவார்?

சரி, ரஃபீக் விஷயத்துக்கு வருகிறேன். அவனுக்கும் செந்திலுக்கும் அன்று நடந்தது தற்செயலாக அமைந்த ஓர் இணைச் சோதனை. ஆனால் பயிற்சி பெற்ற ஒருவரிடம் அதைக் கொண்டுபோய்க் கொடுத்தால், அவர் உடனே "நிரூபணம்" என்று சொல்ல மாட்டார். எங்கெல்லாம் ஓட்டை இருக்கிறது என்றுதான் முதலில் பார்ப்பார்.

ரஃபீக் பேசியது எத்தனை மணிக்கு? "பத்து, பத்தரை இருக்கும்க்கா." அப்படி இருந்தால் போதாது, கால் லாக்கில் உள்ள நிமிடம் வேண்டும். நடுவில் இருந்த மூன்று மணி நேரத்தில், அட்வான்ஸ் கொடுத்த யாராவது பின்வாங்கி, ரூம் மறுபடி காலியாகியிருக்கலாம். டீலர் அப்படித்தான் சொல்வார். முறையான சோதனையில் இடைவெளி குறைவாக இருக்கும். யார் முதலில் போவது என்பதும் முன்கூட்டியே முடிவாகியிருக்கும். பெரும்பாலும் பாகுபாட்டுக்கு ஆளாகக்கூடியவரைத்தான் முதலில் அனுப்புவார்கள். அவருக்கு இல்லாத வீடு பின்னால் வருபவருக்கு இருந்தால், "நடுவில் போய்விட்டது" என்ற சாக்கு எடுபடாது.

அடுத்து, செந்திலுக்கு ரஃபீக்கின் கதை முன்பே தெரியும். அவன் ஃபோன் எடுத்தபோதே கோபத்தில் இருந்தான். பயிற்சியில் இதைக் கண்டிப்பாகத் தடுப்பார்கள்: ஒரு சோதனையாளருக்கு மற்றவர் யார் என்றே தெரியக்கூடாது, அவருக்கு என்ன நடந்தது என்றும் தெரியக்கூடாது. ஒப்பிட்டுப் பார்ப்பது மூன்றாவது ஒருவரின் வேலை. பல இடங்களில் சோதனையாளருக்குத் தான் எந்த வித்தியாசத்துக்காக அனுப்பப்பட்டிருக்கிறோம் என்பதைக்கூடச் சொல்வதில்லை. தெரிந்தால் மனசு தேட ஆரம்பித்துவிடும், தேடினால் கிடைத்துவிடும்.

மூன்றாவது, இருவரும் ஒரே மாதிரி கேட்டார்களா? ரஃபீக் "சமைச்சுக்கலாமா?" என்று கேட்டிருக்கிறான். செந்தில் கேட்கவில்லை. டீலரின் வக்கீல் இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டே போய்விடுவார்: ஓனர் சமையல் கூடாது என்றார், அதனால்தான் மறுத்தோம் என்று. அதனால்தான் பயிற்சியில் இருவருக்கும் ஒரே பாத்திரம் எழுதிக்கொடுப்பார்கள். சம்பளம் இவ்வளவு, இந்தத் தேதிக்குள் குடிவர வேண்டும், ஒருவர்தான், சமையல் உண்டு. கேட்காத விவரத்தைத் தானாகச் சொல்லக்கூடாது. டீலர் வாயிலிருந்து ஏதாவது வரவழைக்க வேண்டும் என்று தூண்டில் போடவும் கூடாது. "நீங்க முஸ்லிமுக்குத் தரமாட்டீங்களா?" என்று கேட்டால் அந்தச் சோதனை அங்கேயே பாழ்.

நான்காவதுதான் கற்பிக்கவே மிகவும் சிரமமானது என்று நினைக்கிறேன்: எழுதுவது. அன்று ராத்திரி ஒரு தாளைக் கொடுத்து, நடந்ததை எழுதச் சொன்னேன். ரஃபீக் எழுதிய முதல் வரி: "பெயரைச் சொன்னதும் அவர் குரல் மாறிவிட்டது." அவன் எழுதியதை நான் நம்புகிறேன். ஆனால் விசாரணை அறிக்கையில் அந்த வரிக்கு மதிப்பு குறைவு. "பெயரைச் சொன்னேன். சில விநாடி அவர் பேசவில்லை. பிறகு 'அந்த ரூம் நேத்தே போயிடுச்சே' என்றார். அதற்கு முன்னால், எப்போது வந்து பார்க்கிறீர்கள் என்று கேட்டிருந்தார்." இதற்கு மதிப்பு உண்டு. மனசில் பட்டதை விட்டுவிட்டு, காதில் விழுந்ததை மட்டும், விழுந்த வரிசையில் எழுத வேண்டும். அதுவும் உடனே, மறுநாளானால் ஞாபகம் தானே கதையைச் சரிசெய்துவிடும். இதற்காகவே சோதனையாளர்களை ஒத்திகை பார்க்க அனுப்பி, திரும்பி வந்ததும் எழுதவைத்துத் திருத்துவார்கள். இரண்டாம் முறை அவனை எழுதச் சொன்னபோது, பெயர் கேட்பதற்கு முன்னால் "சாயங்காலம் வர்றீங்களா?" என்று டீலர் கேட்டது ஞாபகம் வந்தது. முதல் தாளில் அது இல்லை. ரூம் நேற்றே போயிருந்தால் சாயங்காலம் வரச்சொல்லி ஏன் கேட்க வேண்டும்? கோபத்தில் எழுதியபோது, இருந்ததிலேயே பலமான ஆதாரம் விட்டுப்போயிருந்தது.

இத்தனைக்குப் பிறகும் ஒரே ஒரு இணையை வைத்து யாரையும் குற்றவாளி என்று சொல்லிவிடுவதில்லை. அதே டீலரிடம் வேறு வேறு ஆட்களை வேறு வேறு நாளில் அனுப்புவார்கள். ஒரே பக்கம் சாய்ந்தால் அது தற்செயல் இல்லை.

சோதனை ஒரு கருவிதான். விசாரணை அதிகாரியின் பயிற்சியில் வேறு சில பாடங்களும் உண்டு. புகார் சொல்பவரைக் குறுக்கிடாமல் பேசவிட்டு, பிறகு தேதி வாரியாக அடுக்கிக் கேட்பது. வாட்ஸ்அப் செய்தி, விளம்பரத்தின் ஸ்கிரீன்ஷாட், கால் லாக் ஆகியவற்றை அழியாமல் பத்திரப்படுத்துவது. எதிர்த் தரப்பையும் முன்முடிவு இல்லாமல் கேட்பது. அவர் சொல்லும் காரணத்தை அவருடைய பழைய நடத்தையோடு வைத்துப் பார்ப்பது. "பேச்சிலருக்குத் தரமாட்டேன்" என்று சொல்பவரின் மற்ற மாடிகளில் இருப்பதெல்லாம் பேச்சிலர்கள் என்றால், அந்தக் காரணம் போலி. அமெரிக்க நீதிமன்றங்களில் இதற்கு ஒரு படிவரிசையே இருக்கிறது: சட்டம் பாதுகாக்கும் பிரிவைச் சேர்ந்த ஒருவர் வீடு கேட்டார், தகுதி இருந்தது, மறுக்கப்பட்டது, அதற்குப் பிறகும் வீடு காலியாகவே இருந்தது. இந்த நான்கும் நிலைத்தால், வேறு நியாயமான காரணம் இருந்தால் சொல்லுங்கள் என்று கேள்வி வீட்டுக்காரர் பக்கம் திரும்பும்.

நம் ஊருக்கு இது பொருந்துமா? தில்லியிலேயே இரண்டு ஆய்வுகள் செய்து காட்டியிருக்கின்றன. சுகதேவ் தோரட்டும் உடன் பணியாற்றியவர்களும் தில்லி, நொய்டா, குர்கான், காஜியாபாத், ஃபரீதாபாத் பகுதிகளில் உயர்சாதி இந்து, தலித், முஸ்லிம் என்று மூன்று வகை ஆட்களை ஃபோனிலும் நேரிலும் வீடு கேட்க வைத்தார்கள். 2015-இல் அது வெளியானது. தலித்துகளும் முஸ்லிம்களும் மறுப்பையும், மற்றவர்களுக்கு இல்லாத நிபந்தனைகளையும் சந்தித்தார்கள். சௌகதோ தத்தாவும் விக்ரம் பதானியாவும் 2016-இல் வெளியிட்ட ஆய்வு வேறு மாதிரி: வாடகை வீட்டு வலைத்தளம் ஒன்றின் வழியாக, பெயரை மட்டும் மாற்றி விண்ணப்பித்து, யாருக்குத் திரும்ப அழைப்பு வருகிறது என்று பார்த்தார்கள். வீட்டுக்காரர் பதில் கொடுக்கும் வாய்ப்பு உயர்சாதி இந்துப் பெயருக்கு 100-க்கு 35. முஸ்லிம் பெயருக்கு 22. பட்டியல் சாதிப் பெயர்களுக்கு அவ்வளவு தெளிவான இடைவெளி அதில் தெரியவில்லை. பெயரைப் பார்த்ததும் மதம் தெரிந்துவிடும், சாதியைத் தெரிந்துகொள்ள இன்னும் இரண்டு கேள்வி வேண்டும் என்பதால் இருக்கலாம் என்பது என் கணிப்பு.

அந்த இரண்டு கேள்வியைத் தில்லித் தமிழர்கள் எல்லோரும் சந்தித்திருக்கிறோம். நம் பெயரில் இனிஷியல்தான் உண்டு. "பூரா பெயர் சொல்லுங்க, சர்நேம் என்ன?" என்பார் வீட்டுக்காரர். அப்பா பெயரைச் சொன்னால் திருப்தி வராது. அப்புறம் வருவது, "வெஜ்ஜா, நான்வெஜ்ஜா?" ஆள் யார் என்று நேராகக் கேட்காமல் தட்டுக்குள் எட்டிப் பார்க்கும் கேள்வி அது. ஊரிலும் இதற்கு ஈடானது இருக்கிறது: எந்தத் தெரு, எந்தச் சாமி. மணிப்பூர், நாகாலாந்துப் பிள்ளைகளுக்கு இந்தக் கேள்விகள்கூடத் தேவைப்படுவதில்லை. முகத்தைப் பார்த்ததுமே முடிவாகிவிடுகிறது. 2014-இல் அருணாசலப் பிரதேச மாணவர் ஒருவர் லாஜ்பத் நகரில் தாக்கப்பட்டு இறந்தபின் மத்திய அரசு அமைத்த பெஸ்பருவா குழு, வடகிழக்கு மக்கள் பெருநகரங்களில் படும் பாட்டை விரிவாகப் பதிவு செய்தது. இங்கே பயிற்சி கொடுப்பதென்றால், வெளிநாட்டுப் பாடத்தை அப்படியே இறக்கினால் ஆகாது. சர்நேம், சாப்பாடு, முகம், "ஃபேமிலிக்கு மட்டும்" போன்ற இந்த ஊர்ச் சங்கேதங்களைப் படிக்கத் தெரிந்த விசாரணையாளர்கள் வேண்டும்.

சட்டம் என்ன சொல்கிறது என்பதையும் அவர்கள் நுணுக்கமாகத் தெரிந்திருக்க வேண்டும். அரசியலமைப்பின் 15-ஆம் பிரிவு அரசு பாகுபாடு காட்டக்கூடாது என்கிறது. தனியாரைப் பொறுத்தவரை கடைகள், உணவகங்கள், ஓட்டல்கள், பொழுதுபோக்கு இடங்களைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. வாடகை வீடு அந்தப் பட்டியலில் இல்லை. அகமதாபாத்தில் பார்சிகளுக்கு மட்டும் என்று விதி வைத்திருந்த வீட்டுவசதிச் சங்கத்தின் வழக்கில், 2005-இல் உச்ச நீதிமன்றம் அந்த விதியை ஏற்றுக்கொண்டது. மதம் பார்த்து மறுக்கும் தனியார் வீட்டுக்காரரைக் கேள்வி கேட்க இன்றைக்கும் பொதுவான சட்டம் இல்லை. இது எனக்குப் பெரிய குறையாகப் படுகிறது.

ஆனால் எதுவுமே இல்லை என்று விட்டுவிடவும் முடியாது. 1955-ஆம் ஆண்டின் குடிமை உரிமைகள் பாதுகாப்புச் சட்டம், தீண்டாமையின் பேரில் ஒருவர் எந்தப் பகுதியிலும் வீடு வாங்குவதையோ குடியிருப்பதையோ தடுப்பதைக் குற்றமாக்குகிறது. பட்டியல் சாதியைச் சேர்ந்தவருக்கு எதிராக அந்தச் செயல் நடந்திருந்தால், வேறுவிதமாக நிரூபிக்கப்படும்வரை, தீண்டாமைதான் காரணம் என்று நீதிமன்றம் எடுத்துக்கொள்ள வேண்டும் என்றும் அதே சட்டத்தின் 12-ஆம் பிரிவு சொல்கிறது. எச்.ஐ.வி. உள்ளவர்களுக்கான 2017-ஆம் ஆண்டுச் சட்டமும், திருநர்களுக்கான 2019-ஆம் ஆண்டுச் சட்டமும் வாடகைக்கு வீடு மறுப்பதைப் பெயர் சொல்லியே தடை செய்கின்றன. சட்டம் இருந்தும் புகார் நிற்காமல் போவது "ரூம் போயிடுச்சு" என்ற அந்த ஒரு வரியில்தான். ரூம் போகவில்லை என்று காட்ட ஆள் வேண்டும், முறை வேண்டும்.

இப்படிப்பட்ட வேலையைச் சட்டக் கல்லூரி மாணவர்கள், இலவசச் சட்ட உதவி மையங்களில் இருப்பவர்கள், தொழிற்சங்கக்காரர்கள், ஊர்ச் சங்கங்களின் தன்னார்வலர்கள் எல்லோருமே கற்றுக்கொள்ளலாம். ஒரே ஒரு எச்சரிக்கை: மறுக்கப்படும் பக்கத்தில் நிற்கும் சோதனையாளருக்கு இது வெறும் நடிப்பாக இருக்காது. ஒரு நாளில் ஆறு இடத்தில் தன் சொந்தப் பெயரைச் சொல்லி, ஆறு முறை "இல்லை" கேட்டு வருபவருக்கு அது மனசில் தங்கும். அதனால் நல்ல பயிற்சியில் ஒவ்வொரு சோதனைக்குப் பிறகும் உட்கார்ந்து பேசுவதற்கு நேரம் ஒதுக்குவார்கள். வேண்டாம் என்று பாதியில் விலகிக்கொள்ளவும் விடுவார்கள். அப்படிச் செய்யாத இடத்துக்கு யாரையும் அனுப்ப எனக்கு மனம் வராது.

செந்தில் அந்த ரூமை எடுக்கவில்லை. "நான் போய் இருந்தா அவன் மூஞ்சில எப்படி முழிப்பேன்?" என்றான். ரஃபீக்குக்குக் கடைசியில் ஜாமியா நகரில்தான் இடம் கிடைத்தது. அங்கிருந்து மெட்ரோவில் கால்காஜி மந்திரில் ஒருமுறை, மண்டி ஹவுஸில் ஒருமுறை மாறி, கரோல் பாகில் இறங்கி கோச்சிங்குக்கு நடப்பான். அன்று எழுதிய இரண்டாவது தாளை மடித்துப் பர்ஸில் வைத்திருக்கிறான். மேலே தேதி, நேரம், ஃபோன் நம்பர். கீழே டீலர் சொன்னது, சொன்ன வரிசையிலேயே.